போகியில் எரிந்த பெஞ்சுக் கால்

கையில் ஒரு ரம்பமும் போனில் ஒரு வீடியோவும் கிடைத்துவிட்டால், எந்த மனுஷிக்கும் தான் பாதி ஆசாரி என்ற நினைப்பு வந்துவிடும். மீதிப் பாதி எவ்வளவு பெரிசு என்று தெரிந்துகொள்ள எனக்குத் தலைப்பொங்கல் வரை ஆனது.

நான் சோரியாங்குப்பத்துப் பெண். பாகூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த வருஷம், அம்மா பொங்கல் சீர் எடுத்துக்கொண்டு முதல்முறையாக என் வீட்டுக்கு வரவேண்டும். அம்மா கொஞ்சம் பூசினாற்போல் இருப்பாள். (கொஞ்சம் என்பது மகள் சொல்லும் கணக்கு.) என் கல்யாணத்தில், முன்வரிசையில், பிளாஸ்டிக் நாற்காலி காலை விரித்து அவளைத் தரையில் தள்ளிவிட்டது. வீடியோக்காரர் அதையும் விடாமல் எடுத்துவிட்டார். அன்றிலிருந்து எந்த விசேஷத்திலும் அம்மா உட்காரவே மாட்டாள். முட்டி வலியால் தரையும் ஆகாது. என் புகுந்த வீட்டிலாவது அவள் நிற்காமல் ஜம்மென்று உட்கார வேண்டும் என்று எனக்கு ஒரே வெறி. என் கையாலேயே பெஞ்சு செய்யப்போவதாக அறிவித்தேன்.

"கடைல வாங்கிக்கலாமே?" என்றார் என் வீட்டுக்காரர்.

"அது கடை பெஞ்சு. இது மக பெஞ்சு" என்றேன். அப்போது அந்த வசனம் எனக்கே ரொம்பப் பிடித்திருந்தது.

மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் கிடந்த பழைய வேப்பம்பலகைகளை இழுத்து வந்தேன். போன் வீடியோவில் வரும் ஆசாரி கதை பேசிக்கொண்டே அறுப்பான், பலகை வாழைத்தண்டு மாதிரி விழும். எனக்கோ ரம்பம் பாதியில் சிக்கிக்கொண்டு வரமாட்டேன் என்றது. எப்படியோ நாலு காலையும் மாட்டி நிமிர்த்தினால் பெஞ்சு ஆடியது. நீளமாகத் தெரிந்த காலை அறுத்தேன். உடனே இன்னொரு கால் நீளமாகிவிட்டது. அதையும் அறுத்தேன்.

"இன்னும் கொஞ்சம் அறுத்தா மனைப்பலகை ஆயிடும். முகூர்த்தத்துக்கு வாடகைக்கு வுடலாம்" என்றார் வீட்டுக்காரர்.

போகிக்கு முந்தின நாள், கடைசிக் காலைக் கழற்றி, அறுத்து, வார்னிஷ் அடித்து, வாசல் சுவரில் சாய்த்து வைத்தேன். காலையில் மாட்டிவிடலாம் என்று திட்டம். போகிக்கு முந்தின நாள் வாசலில் சாய்த்து வைக்கும் எதற்கும் ஒரே அர்த்தம்தான் என்பது, பிறந்ததிலிருந்து போகி பார்த்தவளின் மண்டையில் ஏறவில்லை.

விடியற்காலையில் மேளச் சத்தம் கேட்டு வெளியே வந்தேன். பழைய பாய், தொடப்பம், முறம் எல்லாம் கொழுந்துவிட்டு எரிந்தன. அத்தை, அதாவது என் மாமியார், கையை நீட்டிக் குளிர்காய்ந்துகொண்டிருந்தார்.

"வாம்மா! நெருப்பு இன்னாமா புடிச்சிகிச்சி பாரு. எவனோ ஒரு கட்டைய வெச்சிட்டுப் போயிருக்கான், மகராசன்!"

நெருப்புக்குள் என் ஸ்க்ரூக்கள் கோணல்மாணலாகச் சிவந்து தெரிந்தன. புது மருமகள், வாயைத் திறந்து என்னவென்று சொல்வது?

கால் போன மூலைக்கு வீட்டுக்காரர் செங்கல் அடுக்கி முட்டுக்கொடுத்தார். அது தெரியாதபடி, தரையைத் தொட ஒரு போர்வையை விரித்தோம். "அந்த மூலைல மட்டும் யாரையும் குந்த வுடாத" என்றார்.

அம்மா வந்தாள். கரும்பு, மஞ்சள்கொத்து, புதுப்பானை எல்லாம் இறங்கின. "நானே செஞ்சதும்மா, குந்து" என்றேன். அரிசித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, பயந்து பயந்து உட்கார்ந்தாள். பெஞ்சு தாங்கியது! நாலு பேர் முன்னால் அம்மா நிம்மதியாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தக் கலக்கத்தில்தான் அத்தை வந்ததைக் கவனிக்கவில்லை.

"நவுருங்க சம்மந்தி. மருமவ செஞ்ச பெஞ்சில நானும் குந்திப் பாக்கறேன்" என்று அந்த மூலையிலேயே அமர்ந்தார்.

செங்கல் சரிந்தது. அத்தை முதலில் போனார். அம்மா பலகையில் சறுக்கிக்கொண்டே அவர் மடியில் போய்ச் சேர்ந்தாள். தட்டிலிருந்த அரிசி இருவர் தலையிலும் அட்சதையாகக் கொட்டியது.

அத்தை போர்வையைத் தூக்கிப் பார்த்தார்.

"இன்னாடி இது? இதோட காலு எங்க?"

"காலைல குளிர்காஞ்சீங்களே அத்தை... அதுதான்."

முதலில் சிரித்தது அம்மாதான். என் கல்யாண மண்டபத்தில் அவமானத்தில் அழுதவள், இங்கே எழுந்திருக்கக்கூட முடியாமல் சிரித்தாள். "தனியா வுழுந்தாதான் சம்மந்தி அசிங்கம்!" என்றாள். அதுவரை "வாங்க, சாப்பிடுங்க" என்பதோடு நின்ற இரண்டு பேரும் அன்று பொழுது சாயும்வரை பேசித் தீர்த்தார்கள்.

பிறகு வீட்டுக்காரர் சவுக்குக் கழியில் ஒரு கால் வெட்டி மாட்டினார். அதற்கப்புறம் ஒவ்வொரு போகிக்கும் அத்தை அந்த பெஞ்சை வாசலுக்கு இழுத்து வந்து, தெரு முழுக்கக் கேட்கும்படி கத்துவார்: "கீதா, இது எரிக்கிறதா, குந்துறதா?" தெருவே "குந்துறது!" என்று பதில் சொல்லும்.

அத்தை போய்விட்டார். துக்கத்தில் ஒரு வருஷம் எங்களுக்குப் பொங்கல் இல்லை. இந்த வருஷம் மறுபடி மேளம் அடித்தது, பாய்கள் எரிந்தன, அந்தக் கேள்வியை மட்டும் யாரும் கேட்கவில்லை.

அம்மா வாசலில் அந்த பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தாள், சவுக்குக் கால் மூலையைக் காலியாக விட்டுவிட்டு. அந்த இடத்தைக் கையால் தட்டி, நெருப்பைச் சுற்றி நின்ற பசங்களிடம் உரக்கச் சொன்னாள்:

"இது குந்துறதுடா. எவனும் தொடாதீங்க."