செப்டிமஸ் பெரியப்பாவின் கடைசி மூச்சு

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்று பைபிள் மேல் கைவைத்துச் சத்தியம் செய்கிறேன். பைபிள் மாடியில் இருப்பதால், இப்போதைக்குக் கை ரயில் கால அட்டவணை மேல் இருக்கிறது.

இப்ஸ்விச் நகரம், ஆல்மா தெரு, அக்டோபர் மாதத்துச் சனிக்கிழமை மத்தியானம். ஹாரியட் பில்பீம் அம்மாள், முன்னறையில் புதிதாக விரித்த சிவப்புக் கம்பளம் வெயிலில் வெளுத்துவிடுமே என்று ஜன்னல் திரைகளை இறக்கினாள். பாவம், அவள் செய்தது அவ்வளவுதான்.

நாலு மணிக்குப் பெர்சி தேநீருக்கு வருவதாக இருந்தது. தங்கமான பையன். மகள் வின்னியைப் பெண் கேட்க மூன்று முறை வந்தான். மூன்று முறையும் வாயைத் திறந்தால் சூடான் சண்டைச் செய்திதான் வந்தது. திங்கட்கிழமை வேலைக்காக நியூகாசில் போகிறான். இன்றைக்கு விட்டால் நியூகாசில் பெண்கள் அவனை விட்டுவைக்க மாட்டார்கள்.

யாரோ கதவைத் தட்டினார்கள். அடுத்த வீட்டு கிரிம்வுட் அம்மாள் கறுப்புக் கையுறையோடு, துக்க வீட்டுச் சாப்பாட்டுக்கென்று வேகவைத்த பன்றித்தொடை ஒன்றை ஏந்தி நின்றாள். பட்டப்பகலில் ஒரு வீட்டில் முன்ஜன்னல் திரை இறங்கினால் உள்ளே பிணம் கிடக்கிறது என்பது ஆல்மா தெருவில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும்.

"யாரு ஹாரியட்? சொல்லிடு, நான் தாங்கிக்கறேன்."

கம்பளத்துக்காக என்று சொல்ல ஹாரியட்டுக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. "எங்க வீட்டுக்காரரோட பெரியப்பா. செப்டிமஸ்."

"ஐயோ! அப்போ மூணு மாசம் வின்னிக்குக் கறுப்பு உடுப்புதான். வீட்டுல கல்யாணப் பேச்சே எடுக்கக் கூடாதே!"

"உயிர் இன்னும் போகலை," என்றாள் ஹாரியட் அவசரமாக. "இழுத்துக்கிட்டு இருக்கு. வெளிச்சம் கண்ணைக் கூசுதாம். மாடியில படுத்திருக்கார்."

"அப்போ வண்டிச் சத்தமே ஆகாதே!" என்று கிரிம்வுட் அம்மாள் ஓடினாள். சற்று நேரத்தில், சக்கரச் சத்தம் கேட்காதபடி தெரு நீளத்துக்கும் வைக்கோல் பரப்பியாகிவிட்டது. பால்காரர் குதிரையைத் தட்டிக்கொடுத்து மெதுவாக நடத்திப் போனார். போதாததற்குப் பாதிரியார் நாலு மணிக்கு ஜெபிக்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்.

படுக்கையில் ஆள் வேண்டுமே?

கணவர் ஹொரேஸ் அலுவலகத்திலிருந்து மாலைப் பத்திரிகையோடு வந்தார். "தெருவெல்லாம் வைக்கோல் கிடக்கே, யாருக்கு உடம்பு சரியில்ல?"

"உங்களுக்குத்தான். உங்க பெரியப்பா செப்டிமஸ் சாகக் கிடக்கார், நீங்கதான் அவர். மாடிக்குப் போங்க."

"எனக்கு அப்படி ஒரு பெரியப்பாவே கிடையாதேடி!"

"இப்போ இருக்கார். குல்லாய் போடுங்க. தாடையைச் சுத்தித் துணி கட்டுங்க."

"பேப்பர்?"

"போர்வைக்குள்ள வச்சுக்குங்க. சத்தமா மட்டும் படிச்சுடாதீங்க."

பெர்சி வாசலில் வைக்கோலைப் பார்த்தான், திரையைப் பார்த்தான், வந்த வழியே திரும்பினான். "இன்னொரு நாள் வரேன் அம்மா."

ஹாரியட் அவன் கோட்டுக் கையைப் பிடித்துக்கொண்டாள். "பெரியவர் ஆசீர்வாதம் வாங்கிட்டுப் போ தம்பி." கோட்டை விடாமலே மாடிக்கு ஏற்றினாள்.

இருட்டறையில் பாதிரியார் முழங்காலில் இருந்தார். அவருக்குக் கண் மங்கல். "ஹொரேஸ் எங்கே?"

"மருந்து வாங்கப் போயிருக்கார்."

போர்வைக்குள் சரசரவென்று பக்கம் திரும்பியது. பாதிரியார் தலையை ஆட்டினார். "நெஞ்சு சளி. இனி அதிக நேரம் இல்லை."

"அவர் போயிட்டா மூணு மாசம் யாரும் வின்னியைக் கேட்க முடியாது, இல்லையா ஐயா?" என்றாள் ஹாரியட், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"முறை அப்படித்தான். மூச்சு போறதுக்கு முன்னால கேட்டிருந்தா அது வேற."

வின்னி கதவோரம் நின்றாள். பெர்சி அவளைப் பார்த்தான், படுக்கையைப் பார்த்தான். மறுபடி சரசரவென்றது. அவ்வளவுதான், பையன் தடாலென்று மண்டியிட்டான்.

"வின்னி! என்னைக் கட்டிக்கறியா? அவர் போறதுக்குள்ள சொல்லு!"

"இதைக் கேட்க ஒரு மனுஷன் சாகணுமா? கட்டிக்கறேன், எழுந்திரு!"

"கொடுத்தேன்!" என்று செத்துக்கொண்டிருந்தவர் போர்வையை உதறிக் குதித்தெழுந்து பெர்சியின் கையைக் குலுக்கினார்.

"அற்புதம்!" என்று பாதிரியார் அழுதே விட்டார்.

"பெரியப்பா குரல் உங்க அப்பா குரல் மாதிரியே இருக்கே," என்று பெர்சி கிசுகிசுத்தான்.

"குடும்பக் குரல்," என்றாள் வின்னி. "உனக்குப் பழகிடும்."

பெரியவர் பிழைத்த செய்தி கேட்ட கிரிம்வுட் அம்மாள், மிச்சப் பன்றித்தொடையைத் திருப்பி எடுத்துப் போனாள்.

மறுநாள் காலை, வேலைக்காரப் பெண் டார்கஸ் முன்னறைத் திரைகளை உயர்த்தினாள். கம்பளத்தைப் பார்த்தாள், தெருவைப் பார்த்தாள்.

"ஏம்மா, நம்ம வீடு வடக்குப் பார்த்ததாச்சே. கட்டின நாள்லேருந்து இந்த அறைக்குள்ள வெயில் எட்டிப் பார்த்ததே இல்லையே?"