பழுதுக்கெல்லாம் முடிச்சுப் போட்ட வண்டி

காமாட்சியம்மன் துணை

பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்.
வெள்ளிக்கிழமை.

மரியாதைக்குரிய சம்பந்தி ராமராஜன் அவர்கள் சமூகத்துக்கு, மாணிக்கவேல் பணிவான வணக்கங்களுடன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் அம்சவேணியும் இளையவள் ஏலவார்குழலியும் சுகம். செய்யாற்றில் தாங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளை குமரனும் எங்கள் மூத்தவள் மஹாலட்சுமியும் சுகமென்று போனிலேயே தெரிந்துகொண்டேன். இருந்தாலும் கடிதமென்றால் கேட்க வேண்டிய முறை ஒன்று இருக்கிறது. அதனால் கேட்டதாகவும் தாங்கள் பதில் சொன்னதாகவும் வைத்துக்கொள்ளவும். தங்கள் கடலை மண்டி மேலும் மேலும் பெருக அம்மனை வேண்டிக்கொள்கிறேன்.

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று தாங்கள் நினைக்கலாம். போனில் சொல்லத்தான் பார்த்தேன். ஆனால் தாங்கள் பேசி முடிப்பதற்குள் ஒவ்வொரு தடவையும் என் போனில் சார்ஜ் தீர்ந்துவிடுகிறது. இதைக் குறையாகச் சொல்லவில்லை, தங்களிடம் விஷயம் அவ்வளவு இருக்கிறது. ஆனால் பழைய வண்டியைக் கொடுத்துப் புது வண்டி எடுத்த கதையை முழுசாக ஒருவரிடம் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது போலிருக்கிறது. வீட்டில் இருக்கிறவர்களிடம் சொல்ல முடியாது, அவர்களும் கூடவே இருந்து பட்டவர்கள். கடிதத்தில் எழுதினால் தாங்களும் குறுக்கே பேச முடியாது.

நல்ல செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புது வண்டி நேற்று வந்துவிட்டது. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி, பூசணிக்காய் உடைத்து, தெருவுக்கெல்லாம் லட்டு கொடுத்தாயிற்று. நேற்றெல்லாம் வாசலில் நின்றது. ஜன்னல் வழியாக எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு மாதமாக வராத தூக்கம் நேற்றுப் படுத்ததும் வந்தது. அவ்வளவு நிம்மதி சம்பந்தி.

விஷயம் இதுதான். பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையில் குழலிக்கு வேலை பேசியிருந்தது. புடவைப் பொதிகளைச் சென்னைக்கும் வேலூருக்கும் ஏற்றிப் போகிற வேலை, வருஷம் முழுக்க உண்டு. பெண் பிள்ளை வண்டி ஓட்டுகிறாள் என்பதில் கடைக்காரருக்கு ஆட்சேபம் இல்லை, வண்டி ஒழுகுகிறது என்பதில்தான் ஆட்சேபம். மழையில் ஒரு முகூர்த்தப் புடவை நனைந்தால் யார் பொறுப்பு என்று கேட்டார், நியாயம்தான். ஆவணி பிறப்பதற்குள் மூடிய பெட்டி வைத்த புது வண்டியோடு வந்தால் வேலை அவளுக்கு, இல்லாவிட்டால் வேறொருவர் காத்துக்கொண்டிருந்தார். புது வண்டிக்கு முன்பணம் என்று எங்களிடம் இருந்ததெல்லாம் அந்தப் பழைய பிக்கப் வண்டிதான். அதை எக்ஸ்சேஞ்சில் கொடுத்து நியாயமான விலை வந்தால் உண்டு. வராவிட்டால் குழலி பழையபடி சாயப்பட்டறைக்கும் தறிக்காரர் வீடுகளுக்கும் நடுவே பட்டு நூலை ஏற்றிக்கொண்டு, மேகத்தைப் பார்த்துப் பார்த்து ஓட்ட வேண்டியதுதான்.

இந்த இடத்தில்தான் நான் ஒரு காரியம் செய்தேன். தறி நெய்கிற எங்கள் வழக்கம் தங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. புடவையைத் தறியிலிருந்து அறுத்துக் கடைக்கு எடுத்துப் போகும்போது, நெய்ததில் எங்காவது இழை தப்பியிருந்தால் அந்த இடத்துக்கு நேராகக் கரையில் ஒரு சிவப்பு நூலை முடிந்துவிடுவோம். கடைக்காரர் தேடிக் கண்டுபிடித்தால் அதற்குப் பெயர் திருட்டு, நாமே காட்டினால் அது வெறும் பழுது. பழுதுக்குக் கொஞ்சம் கூலி குறையும், திருட்டுக்குத் தறியே நின்றுபோகும். நான் இத்தனை வருஷம் இப்படித்தான் கொடுத்து வாங்கியிருக்கிறேன். ஆகவே வண்டியை ஷோரூமுக்குக் கொண்டுபோகிற அன்று காலையில், தறியடியில் கிடந்த சிவப்பு நூலை ஒரு கை அள்ளிக்கொண்டு போய் வண்டியைச் சுற்றி வந்தேன். இடது கதவு உள்ளேயிருந்து கயிற்றை இழுத்தால்தான் திறக்கும், அதன் கைப்பிடியில் ஒரு முடிச்சு. இடது பக்கம் திரும்பினால் ஹாரன் தானாக அடிக்கும், ஸ்டியரிங்கில் ஒரு முடிச்சு. வைப்பர் பாதி தூரம் போய் நின்று யோசிக்கும், அதில் ஒன்று. டீசல் முள் டேங்க் காலியாக இருந்தாலும் பாதி என்றே சாதிக்கும், மூன்றாவது கியர் விழும் ஆனால் தங்காது, கூரை ஒழுகும், பின்தட்டில் துரு தின்ற ஓட்டையைப் பலகை போட்டு மூடியிருக்கிறது. எல்லாவற்றையும் எழுதினால் தாள் போதாது. முடித்துவிட்டு விலகி நின்று பார்த்தேன், பிள்ளை வரம் கேட்டுத் துணி கட்டிய மரம் மாதிரி இருந்தது. அம்சவேணி திருஷ்டிக்காகக் கட்டியிருக்கிறேன் என்று நினைத்துக் குங்குமம் வேறு வைத்துவிட்டாள். குழலியும் அப்படியே நினைத்துக்கொண்டு வண்டியை எடுத்துவிட்டாள்.

ஷோரூமில் பழைய வண்டியை மதிப்பிடுகிற பையன் பெயர் விக்னேஷ். சுற்றிப் பார்த்துவிட்டு, இதெல்லாம் ஏதாவது வேண்டுதலா என்று கேட்டான். நான் பெருமையாக ஒவ்வொன்றையும் விளக்கினேன். அவனும் ஒவ்வொரு முடிச்சையும் பயபக்தியோடு போட்டோ எடுத்துக்கொண்டான். வழக்கமாகப் பழுது தேடவே பொழுது போய்விடும், இன்று டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது என்று கைகுலுக்கினான். பிறகு அந்தப் போட்டோக்களைத் தரகர்களுக்கு அனுப்பி விலை கேட்டுச் சொன்னான். சம்பந்தி, தாங்கள் கடலைத் தோலுக்குச் சொல்லுகிற விலை. முன்பணத்தில் பாதிக்குக்கூட வராது. குழலி வண்டியைத் திருப்பினாள். வீடு வரைக்கும் இடது பக்கத் திருப்பங்களில் ஹாரன் மட்டும்தான் பேசிக்கொண்டு வந்தது. வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுச் சொன்னாள்:

"யப்பா, நீ நெய்யறது புடவப்பா. இது வண்டி. வண்டி விக்கிற எடத்துல எவனும் முடிச்சு போட்டுக்கினு போவ மாட்டான்."

அவளுக்குக் கண் கலங்கியது. மகளின் பிழைப்பை என் கையாலேயே முடிந்து வைத்துவிட்டேனே என்று இருந்தது.

அன்றைக்குத்தான் தங்களுக்குப் போன் செய்தேன். தாங்கள் அரைமணி நேரம் ஆலோசனை சொன்னீர்கள். துருவுக்கு மேல் பெயின்ட் அடித்தால் துரு தெரியாது, இஞ்சினில் கெட்டி ஆயில் ஊற்றினால் சத்தம் அடங்கும், சீட்டுக்குச் சாம்பிராணி போட்டால் வாங்குகிறவன் சொக்கிப்போவான், எல்லாவற்றுக்கும் மேலாக நான் வாயைத் திறக்கக் கூடாது. பெரியவர்கள் சொன்னதைத் தட்டக் கூடாது என்று அப்படியே செய்தோம். முடிச்சுகளையெல்லாம் அவிழ்த்தாயிற்று. நானே உட்கார்ந்து பச்சைப் பெயின்ட் அடித்தேன். அம்சவேணி சாம்பிராணி போட்டதில் பக்கத்து வீட்டுக்காரர்கள் என்ன விசேஷம் என்று வந்து கேட்டுவிட்டுப் போனார்கள். இந்தத் தடவை வேறொரு ஷோரூம். குழலி என் வாயில் வெற்றிலையைத் திணித்து, துப்பக் கூடாது என்று உத்தரவு போட்டு உட்கார வைத்தாள். அங்கே மதிப்பிட வந்தவர் வெள்ளைச் சட்டை போட்ட கண்ணியமான மனிதர். ஏதாவது பிரச்சினை உண்டா பெரியவரே என்று கேட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினேன், அது உண்டு என்கிற ஆட்டமா இல்லை என்கிற ஆட்டமா என்று எனக்கே தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. அவர் வண்டிக்குள் ஏறி உட்கார்ந்தார். கூரை அவர் உச்சந்தலையிலேயே ஒழுகியது. சாம்பிராணிப் புகைக்குத் தும்மல் வந்தது, தும்மிக்கொண்டே இடது பக்கமாக இறங்கப் பார்த்தால் கதவு திறக்கவில்லை. கயிற்றை இழுக்கச் சொல்லலாமென்றால் என் வாய் நிறைய வெற்றிலை. ஒருவழியாக வெளியே வந்தபோது ஈரப் பெயின்ட் அவர் சட்டை முழுக்க இருந்தது. முதல் ஷோரூமில் சொன்னதைவிடக் குறைத்துச் சொன்னார். சட்டைக்கும் சேர்த்துக் கழித்தாரோ என்னவோ, கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஆவணி பிறக்க அதிக நாள் இல்லை. குழலி கடைக்காரரிடம் போய் முடியாது என்று சொல்லிவிடுவதாகப் புறப்பட்டாள். நான் வாசலில் குறுக்கே நின்றுகொண்டேன். அப்போதுதான் விக்னேஷ் போன் செய்தான். அவன் போட்டோ அனுப்பிய தரகர்களில் ஒருவர், வாலாஜாபாத் அப்துல் சத்தார் என்பவர், வண்டியை நேரில் பார்க்க வேண்டுமென்று கேட்கிறாராம். அவர் ஒரு விலை சொன்னால் ஷோரூமில் அதையே எக்ஸ்சேஞ்ச் விலையாகப் போட்டுக்கொள்வார்களாம்.

சத்தார் பாய் மறுநாளே வந்தார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார், முகம் சுருங்கிவிட்டது. முடிச்சுகள் எங்கே என்று கேட்டார். அவிழ்த்துவிட்டோம் என்றேன். திரும்பக் கட்டச் சொன்னார். குழலி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். நான் ஒன்று விடாமல் கட்டினேன், நானே அடித்த பெயின்ட்டுக்கும் ஒரு முடிச்சுப் போட்டேன். அவர் குழலியை ஓட்டச் சொல்லி முத்தியால்பேட்டை வரைக்கும் போய் வந்தார். திரும்பி வந்து மோரை வாங்கிக் குடித்துவிட்டு, தன் வீட்டிலும் முன்பு புடவை வாங்கி விற்றவர்கள் உண்டு, அதனால் அந்த முடிச்சு என்னவென்று போட்டோவிலேயே தெரிந்துவிட்டது என்றார். பிறகு சொன்னார்:

"எல்லாரும் நாலு பழுத மறைப்பாங்க மொதலாளி. நாங்க எட்டு இருக்கும்னு வெச்சிக்கினு வெல சொல்லுவோம். உங்க வண்டில பயந்துக்கினு கழிக்கிறதுக்கு எனக்கு ஒண்ணுமே இல்ல. இஞ்சின் நல்லா இருக்குது. பாப்பா நல்லா வெச்சிருந்திருக்குது."

பெயின்ட்டுக்கு மட்டும் கொஞ்சம் கழித்தார். அது தங்கள் ஆலோசனைக்கான செலவு, நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. அவர் சொன்ன விலை புது வண்டியின் முன்பணத்துக்குச் சரியாகப் போய், மாலைக்கும் லட்டுக்கும் மீந்தது. குழலி அவர் எதிரில் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. அவர் பழைய வண்டியை எடுத்துக்கொண்டு போன பிறகு உள்ளே வந்து என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். சின்னப் பிள்ளையாக இருந்தபோது அப்படி நின்றது. நானும் அழுதுவிட்டேன், அம்சவேணி பார்த்துவிட்டாள், பரவாயில்லை. இன்று காலை கடைக்காரர் புது வண்டியின் பெட்டி மேல் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றச் சொல்லிப் பார்த்து, ஒரு சொட்டும் உள்ளே இறங்கவில்லை என்று திருப்திப்பட்டு, முதல் பொதியை ஏற்றி அனுப்பிவிட்டார். வேலை அவளுக்குத்தான். நிம்மதி, நிம்மதி, வேறென்ன சொல்ல.

வாலாஜாபாத்துக்குப் போன அந்தப் பழைய வண்டியை இப்போது எவன் தலையில் கட்டியிருப்பார்களோ என்று நினைத்து ராத்திரி நானும் அம்சவேணியும் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. யாரோ ஒரு புண்ணியவான். அவன் நன்றாக இருக்கட்டும்.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் நமஸ்காரம். மாப்பிள்ளைக்கும் மஹாலட்சுமிக்கும் எங்கள் ஆசீர்வாதம், அவர்கள் தறியும் பாவு நூலும் போல ஒட்டி வாழட்டும். தங்களுக்கு நீண்ட ஆயுளும், தங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்க எங்களுக்குப் பொறுமையும் அம்மன் தரட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புச் சம்பந்தி,
மாணிக்கவேல்.

பின்குறிப்பு: கடிதத்தை மடித்து உறையில் வைக்கும் நேரத்தில் மஹாலட்சுமி போன் செய்தாள். தங்கள் வீட்டுப் பின்கட்டில் நின்றுகொண்டு ரகசியமாகப் பேசினாள். தாங்கள் மண்டிக்காக ஒரு வண்டி வாங்கியிருக்கிறீர்களாம், பச்சை நிறமாம். செய்யாற்றுத் தரகர் ஒரு பழுதும் இல்லை என்று சத்தியம் செய்து கொடுத்தாராம். தாங்கள் பேசியே விலையைக் குறைத்த சாமர்த்தியத்தைத் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறீர்களாம். "நம்பரு நம்ம வண்டி நம்பருப்பா. மாமாகிட்ட யாரு சொல்றது?" என்று கேட்டாள். தாங்கள் வண்டி தேடிக்கொண்டிருந்ததை, அரைமணி நேரம் பேசியதில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா சம்பந்தி. மேலே நிம்மதி என்று நான் எழுதிய இடங்களிலெல்லாம் அந்தச் சொல்லை அடித்துவிட்டுப் படிக்கவும். சிரித்ததாக எழுதியதை அடியோடு படிக்க வேண்டாம். கடிதத்தைக் கிழித்துவிடத்தான் எடுத்தேன். சவாரி முடிந்து வந்த குழலி கையைப் பிடித்துக்கொண்டாள். "அனுப்புப்பா. வாங்குனவருக்கு எங்கெங்க பழுது இருக்குதுன்னு நாமதான் காட்டணும்" என்றாள். அதனால் அனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை நானும் குழலியும் நேரில் வந்து, மூன்றாவது கியரை எப்படிப் பிடித்துக்கொள்ள வேண்டுமென்று காட்டித் தருகிறோம். அதுவரைக்கும் தயவுசெய்து வண்டியைச் சரிவில் நிறுத்த வேண்டாம், கைப்பிரேக் பிடிக்காது. சக்கரத்துக்கு வைக்கிற கல் சீட்டுக்கு அடியிலேயே இருக்கிறது.