ஒன்றரைக் கிலோ தக்காளி

ஒன்றரைக் கிலோ தக்காளியை எங்கே ஒளிப்பது என்று நூலகருக்குத் தெரியவில்லை. மாடிப்படியில் செருப்புச் சத்தம் நெருங்கிக்கொண்டிருந்தது.

“ஃப்ரிட்ஜை எப்படியும் திறந்து பாப்பாங்க. அங்க வேண்டாம்,” என்றாள் மனைவி.

“பீரோ?”

“என் புடவையெல்லாம் என்ன ஆகறது? வாஷிங் மெஷின்ல போடுங்க!”

போட்டார். கதவைச் சாத்தினார். அழைப்புமணி அடித்தது.

நல்ல தக்காளிதான். தெருமுனை மளிகைக்கடையில் வாங்கியது என்பது ஒன்றுதான் அதன் மேல் உள்ள குற்றம்.

அதே தெருமுனையில் பூட்டிக் கிடந்த மரச்சாமான் கடையைப் பத்து நாளாகப் பச்சைத் துணி போட்டு மூடியிருந்தார்கள். உள்ளே ஓயாத சுத்தியல் சத்தம். பெரிய இயற்கை அங்காடிதான் வரப்போகிறது என்று குடியிருப்பு முழுக்க முடிவு கட்டிவிட்டது. வேறு நகரங்களில் அந்த அங்காடிக்கு ஏழெட்டுக் கிளைகள் உண்டு. மனைவி ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்து, ஒரு வாரம் வேறு பேச்சே பேசவில்லை.

“கேரட் பக்கத்துல அதை விளைவிச்சவரோட போட்டோவ மாட்டியிருக்காங்க. நம்ம கல்யாண போட்டோகூட அவ்வளவு அழகா இல்ல.”

குடியிருப்போர் சங்கத்துக்கு நூலகர்தான் செயலாளர். அவர் கூட்டத்துக்கு வராத ஒரு நாளில் அவரைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். ஆகவே, கடை வருகிறதா இல்லையா என்று விசாரிக்கும் பொறுப்பும் அவர் தலையில் விழுந்தது.

முந்தாநாள் வேலைக்குப் போகும் வழியில் பச்சைத் துணிக்கு முன்னால் போய் நின்றார். கழுத்தில் அடையாள அட்டை, கையில் குறிப்பேடு. பக்கத்தில் தடித்த கோப்போடு ஒரு பெண்மணி கட்டடத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீங்க… இயற்கை அங்காடி விஷயமா?” என்று கேட்டார் நூலகர்.

பெண்மணியின் முகம் மலர்ந்தது. “ஆமா! நீங்களும்தானே?”

“ஆமா.”

“நல்லதாப் போச்சு. நீங்கல்லாம் என்ன எதிர்பாக்கறீங்கன்னு தெரிஞ்சுக்கத்தான் அலையறேன்.”

கம்பெனி அதிகாரி என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று நூலகருக்கு உள்ளம் குளிர்ந்துபோயிற்று. “பூச்சிமருந்து வாசனையே ஆகாதுங்க,” என்றார் கண்டிப்பாக.

“ஐயோ, எங்ககிட்ட அந்தப் பேச்சுக்கே இடமில்ல.” அந்த அம்மாள் எழுதிக்கொண்டார். “விவரமாப் பேசணுமே. உங்கள எங்க வந்து பாக்கலாம்?”

“வீட்டுக்கே வாங்களேன்!”

வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று அவருக்கே தெரியாது. வந்துவிட்டது. இதோ அந்த அம்மாளும் வந்துவிட்டார். இயற்கைக் காய்கறி தவிர வேறெதையும் தொடாதவர்கள் என்று நம்பவைத்தால்தான் கடை இந்தப் பக்கம் வரும் என்பது மனைவியின் கணக்கு.

அம்மாள் முதலில் பால்கனிக்குப் போனார். அங்கே பதினைந்து தொட்டிகளில் செடிகள். மனைவியின் தம்பி காலையில்தான் நாற்றுப்பண்ணையிலிருந்து இரவல் வாங்கி வந்து இறக்கியிருந்தான்.

“எல்லாம் நாங்க வருஷக்கணக்கா வளக்கறதுங்க,” என்றான் மைத்துனன்.

அம்மாள் ஒரு தொட்டியைத் திருப்பினார். ‘விற்பனைக்கு’ என்ற அட்டை தொங்கியது.

“அக்கம்பக்கத்துல கேட்டா கொடுக்கறதுதான்,” என்று நூலகர் அவசரமாகச் சொன்னார்.

“பின்ன? அதானே உங்க தொழிலே!” என்று அம்மாள் சிரித்தார்.

நூலகருக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாதபோது அவரும் சிரித்துவைப்பது வழக்கம். சிரித்தார்.

அடுத்து ஃப்ரிட்ஜ். அம்மாள் கேட்காமலேயே மனைவி திறந்து காட்டினாள். உள்ளே ஒரு கட்டுக் கீரையும் ஒரு எலுமிச்சம்பழமும் மட்டும் இருந்தன.

“இவ்வளவுதானா?”

“அன்னன்னைக்குப் பறிச்சு, அன்னன்னைக்குச் சாப்பிடறதுங்க. இங்க எல்லார் வீட்லயும் இப்படித்தான்.”

“சரி சரி. எங்க ஆளுங்ககிட்டயும் கண்டிப்பாச் சொல்லிடறேன்,” என்று எழுதிக்கொண்டார் அம்மாள்.

அப்போதுதான் மைத்துனனின் கண்ணில் அது பட்டது. வாஷிங் மெஷினின் வட்டக் கண்ணாடி வழியே தக்காளி சிவப்புச் சிவப்பாகத் தெரிந்தது. அவன் நைசாக நகர்ந்து, ஒரு பழைய போர்வையை உள்ளே திணித்து, துவைப்பதுபோல் இருக்கட்டும் என்று சுவிட்சையும் தட்டிவிட்டான்.

சற்று நேரத்தில் குளியலறை வாசலைத் தாண்டிச் செக்கச்செவேலென்று தண்ணீர் கூடத்துக்கு ஊர்ந்து வந்தது.

“என்னங்க இது?” அம்மாள் காலைத் தூக்கிக்கொண்டார்.

“சாயம்,” என்றாள் மனைவி, கண் இமைக்காமல். “துணிக்குக்கூட நாங்க இயற்கைச் சாயம்தான்.”

அம்மாளின் பேனா நின்றது. “இதுவும் கட்டாயமா?” குரல் கொஞ்சம் கம்மியது.

“எங்களுக்குக் கட்டாயம்தாங்க,” என்றார் நூலகர். எதற்குக் கட்டாயம், யார் போட்ட கட்டாயம் என்று அவருக்கே தலை சுற்றியது.

திறந்திருந்த வாசலில் மளிகைக்கடைக்காரர் வந்து நின்றது அந்த நேரம் பார்த்துத்தான்.

“சார், இந்த வெங்காயத்த கடையிலயே விட்டுட்டு வந்துட்டீங்க.”

அம்மாள் திரும்பினார். “இவர் யாரு?”

போன மழைக்காலத்தில் நூலகரின் மாமனார் மயங்கி விழுந்தபோது, கடையைப் போட்டது போட்டபடி விட்டு ஓடிவந்து, மூன்று மாடியும் அவரைத் தோளில் சுமந்து இறக்கியவர். மனைவி தரையைப் பார்த்தாள். மைத்துனன் செடிகளைப் பார்த்தான்.

“தெரியலையே,” என்றார் நூலகர். “வீடு மாறி வந்துட்டார் போல.”

மளிகைக்கடைக்காரர் ஒரு நிமிஷம் அவரையே பார்த்தார். “ஆமாங்க. மாறித்தான் வந்துட்டேன்,” என்று சொல்லிவிட்டு வெங்காயப் பையோடு இறங்கிப் போனார்.

கிளம்பும்போது அம்மாளுக்குக் குரல் தழுதழுத்தது. “எப்படியாவது நீங்க மனசு வைக்கணும்.”

“நாங்க என்னங்க, நீங்கதான் மனசு வைக்கணும்!” என்றார் நூலகர்.

“அப்படிச் சொல்லாதீங்க, எல்லாம் உங்க கையிலதான் இருக்கு.”

“ஐயோ, உங்க கையிலதாங்க.”

படிக்கட்டு வரைக்கும் இருவரும் மாறி மாறிக் குனிந்துகொண்டே போனார்கள். அம்மாளின் தலை மறைந்ததும் மைத்துனன் கைதட்டினான். “மாமா, கடை நமக்குத்தான்!”

நூலகருக்குச் சந்தோஷமே வரவில்லை. சாப்பாடும் இறங்கவில்லை. “அண்ணாச்சிக்கு உங்களத் தெரியாதா என்ன, ஒரு அவசரத்துக்குச் சொன்னது,” என்று மனைவி சமாதானம் சொன்னாள். ஆனால் அவளும் தட்டில் கோலம் போட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

மறுநாள் காலை கடை திறக்கும்போதே நூலகர் போய் நின்றார். மளிகைக்கடைக்காரர் அவரைப் பார்க்காமல் உளுந்து மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

“அண்ணாச்சி, அந்தக் கடை வரட்டும், வராமப் போகட்டும். உங்களப் பாத்துத் தெரியாதுன்னு சொல்ல எனக்கு எப்படி வாய் வந்துச்சோ. நாக்கப் புடுங்கிக்கலாம் போல இருக்கு.”

மளிகைக்கடைக்காரர் மூட்டையின் நூலை நிதானமாகச் சுருட்டினார். பிறகு கீழேயிருந்து வெங்காயப் பையை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“எடுத்துட்டுப் போங்க சார். உங்களுக்காக எடுத்து வச்சதுதான்.”

நூலகர் பையை எடுத்துக்கொண்டு திரும்பினார்.

“சார், ஒரு நிமிஷம். நேத்து உங்க வீட்டுக்கு வந்த அம்மா, போற வழியில இங்கதான் தண்ணி வாங்கிக் குடிச்சாங்க. பாவம், வேர்த்து விறுவிறுத்துப் போயிருந்தாங்க. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கற குடியிருப்புக்குச் செயலாளராம். கடை அவங்க பக்கம் வரணும்னு கம்பெனி ஆபீசர நேர்ல பாத்துக் கெஞ்சிட்டு வந்தாங்களாம்.”

மளிகைக்கடைக்காரர் கல்லாவின் மேல் சாய்ந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்:

“ஏன் சார், அந்த ஆபீசர் உங்க வீட்லயா தங்கியிருக்காரு?”