படுத்துப் பார்த்து வாங்கிய கார்

விமலநாதனின் தலை காருக்குள் இருந்தது. கால்கள் இரண்டும் புரோசார்ட் நகரத்து வெயிலில் இருந்தன.

"காணாது," என்றார் உள்ளே கிடந்தபடி. "முழங்காலுக்குக் கீழை வெளியிலை நிக்குது. புஷ்பம், நாடாவைத் தாரும்."

புஷ்பவதி தையல் நாடாவைக் கணவனிடம் நீட்டினாள். மற்றக் கையில் வீட்டிலிருந்து கொண்டுவந்த தலகணி. பழைய கார் விற்கும் அந்த இடத்தில் காலையிலிருந்து இது ஐந்தாவது கார். வருகிற ஆட்கள் சில்லை உதைத்துப் பார்ப்பார்கள், பொனற்றைத் திறந்து பார்ப்பார்கள். விமலநாதன் பின்பக்கத்தால் ஏறிப் படுத்துப் பார்ப்பார்.

விலை ஆறாயிரம் டொலருக்குள் இருக்கவேண்டும். பெற்றோல் குடிக்கக்கூடாது. ஐந்தடி பத்தங்குல மனிதர் கால் நீட்டிப் படுக்கவேண்டும். இது கிடைக்காமல் வீட்டுக்குப் போவதில்லை என்ற முடிவோடுதான் வந்திருந்தார்.

எல்லாம் ரொறன்ரோவால் வந்தது.

அங்கே அவருக்கு ஒரு தம்பி, ஒரு தங்கை. இந்த நாட்டில் வேறு கூடப்பிறந்தவர்கள் கிடையாது. சொந்தத்துக்குள் கலியாணம் என்று போனால், எந்த வீட்டில் தங்குவது என்று ஒவ்வொரு முறையும் இழுபறி. தம்பி வசீகரன், "தங்கச்சி வீட்டை நில்லுங்கோ அண்ணை, இல்லாட்டி அவள் கோவிப்பாள்" என்பான். தங்கை கஜந்தி, "சின்னண்ணா வீட்டை நில்லுங்கோ பெரியண்ணா, அவர் மனம் நோவார்" என்பாள். அவ்வளவு விட்டுக்கொடுப்பு. போனமுறை கஜந்தி வீட்டில் நான்கு நாள் தங்கிவிட்டு வந்தார். அதிலிருந்து தம்பியும் தங்கையும் ஆறு மாதமாக முகம் கொடுத்துக் கதைப்பதில்லை.

வருகிற மாதம் இன்னொரு கலியாணம். அவள் வந்தால் நான் வரமாட்டேன் என்கிறான் தம்பி. சின்னண்ணா வந்தால் நான் வரமாட்டேன் என்கிறாள் தங்கை.

"என்னிலை வைச்ச பாசத்தாலைதான் ரெண்டும் அடிபடுதுகள்," என்று விமலநாதன் உருகிப்போனார். "நான் ஆரின்ரை வீட்டிலையும் படுக்கக்கூடாது."

"ஹோட்டல் எடுக்கலாமே?" என்று கேட்டாள் புஷ்பவதி.

"ரெண்டு பேருக்கும் வெக்கக்கேடு. காரெண்டால் ரெண்டு வீட்டுக்கும் நடுவிலை விடலாம். ஒரு வீட்டிலை குளிப்பு, மற்ற வீட்டிலை தேத்தண்ணி." போனில் மப்பைத் திறந்து நடுப்புள்ளியைக்கூட அளந்து வைத்திருந்தார். "நீர் கஜந்தியோடை படும். உம்மாலை ஒருத்தருக்கும் சண்டை வராது."

இரவில் காதில் பாட்டைப் பூட்டிக்கொண்டே படுக்கும் பழக்கமுள்ள புஷ்பவதி அதற்குமேல் மறுத்துக் கதைக்கவில்லை. "கண்ணாடி இறுக்கி மூடுமோ எண்டு மட்டும் பாத்து வாங்குங்கோ," என்றாள்.

ஆறாவது கார் சாம்பல் நிறம். பின் சீற்றை மடித்ததும் பாய் விரித்ததுபோல் கிடந்தது. விமலநாதன் படுத்தார். கால் நீண்டது. தலை முட்டவில்லை.

"படுத்தால் மட்டும் காணாது, நித்திரை வருதோ எண்டும் பாக்கவேணும். தலகணியைத் தந்திட்டுக் கதவைச் சாத்தும். கால் மணித்தியாலத்தாலை எழுப்பும்."

புஷ்பவதி தலகணியை உள்ளே எறிந்தாள். கதவு இறுகட்டும் என்று அடித்துச் சாத்தினாள். திரும்பிப் பாராமல் தெருவுக்கு அந்தப்பக்கம் இருந்த கோப்பிக் கடைக்கு நடந்தாள்.

விமலநாதன் கண் விழித்தபோது காரின் பொனற் திறந்திருந்தது. விற்பவரும் மெக்கானிக்கும் எஞ்சினுக்குள் தலையை விட்டு நின்றார்கள்.

"முஸ்ஸியே," என்று தொடங்கி, பாதி பிரெஞ்சிலும் பாதி ஆங்கிலத்திலும் விற்பவர் மன்னிப்புக் கேட்டார். நிறுத்தி வைத்த காரிலிருந்து பயங்கரமாக ஒரு இரைச்சல் வந்ததாம். திறந்து தேடிக்கொண்டிருக்கும்போது தானாக நின்றுவிட்டதாம். இப்படி ஒரு கோளாறைத் தன் முப்பது வருசத்தில் கண்டதில்லை என்று மெக்கானிக் கையை விரித்தார். ஐந்நூறு டொலர் குறைத்தார்கள்.

"எனக்கொரு சத்தமும் கேக்கேல்லை," என்றார் விமலநாதன், கோப்பியோடு திரும்பி வந்த புஷ்பவதியிடம். "விசரன்கள். நல்ல லாபம்."

அதே இடத்துக்குப் பழைய சில்லு வாங்க வந்திருந்த றொசான், வசீகரனோடு முந்தி ஒன்றாக வேலை செய்தவன். அன்று பின்னேரமே ரொறன்ரோவுக்குப் போன் போனது.

"உன்ரை அண்ணி தலகணியைத் தூக்கி எறிஞ்சு, கார்க்கதவை அடிச்சுச் சாத்திப்போட்டுப் போறா. அண்ணை உள்ளுக்கை அசையாமல் கிடக்கிறார். என்ரை கண்ணாலை கண்டனான்."

அடுத்த நிமிடம் வசீகரன் அண்ணனைக் கூப்பிட்டான். "அண்ணை, அண்ணி உங்களை வீட்டாலை கலைச்சுப்போட்டாவோ?"

உண்மையைச் சொன்னால் தம்பியின் மனம் நோகும். கலியாணம் முடியும்வரை வாயே திறப்பதில்லை என்பது விமலநாதனின் முடிவு.

"சீச்சீ! நானாத்தான் காரிலை படுக்கப்போறன்."

"நீங்களாவோ? ஏன், என்ன நடந்தது?"

"அதைப் பேந்து சொல்லுறன்."

"எத்தினை நாளைக்கு?"

"இனி எப்பவும் அப்பிடித்தான்."

காரியம் கெடுகிறது என்று கண்ட புஷ்பவதி போனைப் பறித்தாள். "தம்பி, பிரச்சினை ஒண்டுமில்லை. அவர் காரிலை படுக்கிறது எனக்கும் நல்ல சந்தோசம்!"

சனிக்கிழமை மதியம், கார்ட்டியர்வில்லில் அவர்கள் குடியிருந்த கட்டடத்தின் பின்பக்கம் வசீகரனின் வான் வந்து நின்றது. வசீகரன் இறங்கினான். கஜந்தி இறங்கினாள். கடைசியாக அவளுடைய கணவன் ஆரூரன் இறங்கினான். ஆரூரன் வாய் திறந்து கண்டவர்கள் அந்தக் குடும்பத்தில் குறைவு.

ஆறு மாதம் கதைக்காத இரண்டு பேரும் ஒரே வானில்!

கஜந்தி நேரே புஷ்பவதியிடம் போனாள். "அண்ணி, பெரியண்ணா உங்களுக்கு என்ன குறை வைச்சவர்? இந்த வயசிலை பிரியப்போறியளோ?"

"ஆர் பிரியிறது?" என்றாள் புஷ்பவதி. "அவரையே கேளும்."

இனி மறைக்க வழியில்லை. விமலநாதன் சாம்பல் காரின் மேல் கையை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார்.

"எனக்காண்டி நீங்கள் ரெண்டு பேரும் அடிபட வேண்டாம். எனக்கு இந்த நாட்டிலை இருக்கிறது நீங்கள் ரெண்டு பேர்தான். சாகும்வரைக்கும் நான் உங்கடை ஒரு வீட்டிலையும் படுக்கமாட்டன். இதுக்குள்ளைதான் படுப்பன்."

வசீகரன் கஜந்தியைப் பார்த்தான். கஜந்தி நிலத்தைப் பார்த்தாள்.

"ஐயோ அண்ணை," என்றான் வசீகரன் மெதுவாக. பிறகு காரை ஒருமுறை சுற்றி வந்தான். "கண்ணாடி இறுக்கி மூடுமோ?"

"ஓம், ஓம். வடிவாய்ப் படுத்துக் காட்டுறன், பாருங்கோ."

விமலநாதன் ஏறிப் படுத்து, கண்ணை மூடிக் காட்டினார். கண்ணாடி ஒரு விரலளவு திறந்திருந்தது. அந்த இடைவெளியால், ரொறன்ரோவிலிருந்து ஒரு சொல்லும் பேசாமல் வந்த ஆரூரனின் குரல் முதல்முறையாகக் கேட்டது.

"அப்பாடா கஜந்தி, இவர் ஆரின்ரை வீட்டிலை படுக்கிறதெண்டு இனி வசீகரனோடை காசு சுண்டத் தேவையில்லை. மூண்டு தரமும் நாங்கள்தானே தோத்தது!"