நூத்தியோரு பொம்மைச் சீர்

அன்னைக்கு ஞாயித்துக்கிழமை மத்தியானம், கறிச்சோறு தின்ன கையக் கழுவுன கையோட நான் ஒரு சபதம் எடுத்தேன். இன்னும் ஒரு மாசத்துல என் கட்டில்ல நான் மல்லாந்து படுக்கணும். ரெண்டு காலும் கட்டில் மேல இருக்கணும்.

இதெல்லாம் ஒரு சபதமாய்யான்னு நீங்க கேக்கலாம். எங்க வீட்டுக் கட்டிலப் பாத்தா கேக்க மாட்டீக. ஆறடிக்கு ஆறரையடி, தேக்குக் கட்டில். அதுல முயல் பதினெட்டு, கரடி முப்பத்தொண்ணு, யானை ஒம்பது, போக கொரங்கு, பென்குயின், பன்னிக்குட்டின்னு பலசரக்கு. எல்லாம் பஞ்சடைச்ச பொம்மை. உள்ளங்கை அளவு, மிஞ்சிப் போனா ஒரு சாண். மொத்தம் நூறு. அதுக போக மிச்ச எடத்துல என் சம்சாரம் அனுசுயா. அதுக்கும் போக மிச்சத்துல நான். அதாவது, கட்டில் சட்டத்துல.

எனக்குத் தொழில் மோட்டாருக்குக் காயில் கட்டுறது. சொந்த ஊரு போடி. பொண்டாட்டி ஊரான உத்தமபாளையத்துல கடை போட்டு, வீடெடுத்து, இருவது வருசமாச்சு. பகல் பூரா குனிஞ்சு செம்புக்கம்பி சுத்துறவன், வீட்டுக்கு வந்தா ஒரு கால தரையில ஊனிக்கிட்டுப் படுக்கணும். இடுப்பு என்னத்துக்காகும்? டாக்டர் கேட்டாரு, "வெயிட்டு தூக்குறீகளா?" "இல்ல சார், படுக்குறேன்"னேன். மனுசன் என்னய ஒரு மாதிரியாப் பாத்தாரு.

இதுக்கெல்லாம் பிள்ளையார் சுழி போட்டதே நான்தான். கல்யாணமான புதுசு. வீரபாண்டித் திருவிழாவுல வளையம் எறியுற கடை. ஒரு சோப்பு டப்பா கெடச்சாப் போதும்னு எறிஞ்சேன். வளையம் போயி ஒரு வெள்ளை முயலு மேல சப்புனு விழுந்துச்சு. அனுசுயா என்னயப் பாத்து ஒரு சிரிப்பு சிரிச்சா பாருங்க! அந்தச் சிரிப்புக்காக இன்னும் பத்து வளையம் எறிஞ்சேன். ஒண்ணும் விழல. மானம் போயிரக்கூடாதேன்னு கடைக்காரர்ட்ட கெஞ்சி ஒரு கரடிய வெலைக்கே வாங்கிக் குடுத்தேன். அன்னைக்குத் தொத்துனது. பொருட்காட்சின்னா ஒண்ணு, குமுளிப் பக்கம் போனா ரெண்டு. பையன் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போன பிறகு வேகம் கூடிருச்சு. கூரியர்க்காரன் எங்க வீட்டு நாய்க்கே பழகிட்டான்.

நானும் பேசிப் பாக்காம இல்ல.

"ஏம்மா, இதுகளப் பரண்ல போட்டா என்ன?"

"பரண்ல எலி ஓடுது. அதுக பயப்படும்."

"பீரோவுல வையி."

"மூச்சு முட்டும்ங்க."

"எனக்கும்தான் மூச்சு முட்டுது."

"நீங்க எந்திரிச்சு வெளிய போயிக்கிறலாம். அதுகளால முடியுமா?"

ஒவ்வொண்ணுக்கும் பேரு வேற. சனிக்கிழமை சனிக்கிழமை ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டி, கொடியில காதப் பிடிச்சுக் கிளிப் மாட்டிக் காயப்போடுவா. எனக்கு அந்த ஷாம்புல பங்கு கெடையாது. ஒரு கழுதைக்கு மட்டும் பேரு வைக்கல. ஏன்னு கேட்டேன். "ஒரு பேரு பொருத்தமா இருக்கு. புருசன் பேரச் சொல்லிக் கூப்புடக் கூடாதேன்னு பாக்குறேன்"னா.

இந்த நெலமையிலதான் எனக்கு நல்ல காலம் பொறந்துச்சு. பெரியகுளத்துல கட்டிக்குடுத்த என் தங்கச்சி சண்முகத்தாய் போன் பண்ணுனா. பத்து வருசம் தவமிருந்து பெத்த மக ஓவியாவுக்குக் காதுகுத்து. தாய்மாமன் நான்தான். என் மடியில வச்சுத்தான் குத்தணும். என் சீர்தான் முன்னால போகணும். மாப்பிள்ளை அய்யாத்துரைக்கு மாந்தோப்பு இருக்கு. தோப்பவிடப் பெருசு ரோஷம். சீருல கொறை வச்சம்னா ஏழு தலைமுறைக்குப் பேசுவாரு.

போன வச்சதும் மண்டையில பல்பு எரிஞ்சுச்சு. மோட்டார்க்காரன் மண்டையில்ல, திரீ பேஸ்ல எரிஞ்சுச்சு.

"அனுசுயா, சீரு நூத்தியோரு தட்டு எடுக்குறோம்."

"எடுங்க. ஒங்க தங்கச்சி, ஒங்க பவுசு."

"ஆனா ஆப்பிள், சாத்துக்குடி, பூந்தின்னு ஊரு ஒலகம் வைக்கிறதையே நாமளும் வைக்கக் கூடாது. சின்னப்புள்ள விசேசம். தட்டுக்கு ஒரு பொம்மை வப்போம். நூத்தியோரு தட்டுலயும் பொம்மை. பெரியகுளமே வாயப் பொளக்கணும்!"

சொல்லிட்டு ஒரு எட்டு பின்னால தள்ளி நின்னுக்கிட்டேன். கரண்டி பறக்கும், கண்ணீர் பறக்கும், அவ அம்மா வீட்டுக்கு ஆட்டோ பறக்கும்னு எதிர்பாத்தேன். அவ என்னடான்னா, பக்கத்துல கெடந்த ஒரு கரடிய எடுத்தா. வயித்த அமுக்குனா. தையல் விட்ட எடத்துல பஞ்சு எட்டிப் பாத்துச்சு. அத உள்ள தள்ளிவிட்டா.

"சரிங்க"ன்னா.

"என்னது?"

"சரின்னேன். மருமகளுக்கு இல்லாததா? ஆனா நம்மட்ட நூறுதான இருக்கு. ஒத்தப்படை வேணும்ல?"

"ஒண்ணுதான? நான் வாங்கியாறேன்!"

தேனிக்குப் போயி, வேகாத வெயில்ல நாலு கடை ஏறி எறங்கி, ஒரு ஒட்டகச்சிவிங்கி வாங்கியாந்தேன். எதிராளி படைக்கு நானே ஆள் சேத்துவிட்ட கதைதான். அது அப்பப் புரியல.

"இன்னொண்ணுங்க. தட்டெல்லாம் நம்ம பரண்ல கெடக்குற எவர்சில்வர் தட்டு. விசேசம் விசேசமா வந்தது, எல்லாத்துலயும் பேரு வெட்டிருக்கு. ஒண்ணு கொறையாமத் திரும்பி வந்துரணும். அத ஒங்க தங்கச்சிட்ட நானே சொல்லிக்கிறேன்."

பொம்மை போகுது, தட்டுக்கு அழுகுறாளேன்னு எனக்குச் சிரிப்பு. "தாராளமாச் சொல்லு!"ன்னேன்.

அடுத்த ஒரு வாரம் கடையப் பூட்டிட்டு நூத்தியோரு கழுத்துக்கும் நானே ரிப்பன் கட்டுனேன். பக்கத்து வீட்டு ஜெபராணி டீச்சர் ஜன்னல் வழியா எட்டிப் பாத்தாக.

"அண்ணே, எங்க வீட்டு மோட்டார் எரிஞ்சு கெடக்கு, மூணு நாளாத் தண்ணியில்ல. நீங்க என்னடான்னா பன்னிக்குட்டிக்கு ரிப்பன் கட்டிக்கிட்டிருக்கீக."

"விசேசம் டீச்சர். முடியட்டும்."

"அனுசுயா சொன்னா. அண்ணனுக்கு இதுகள்னா உசுருன்னு. குடுக்கப் போறம்னு சாப்பாடு கூட எறங்கலையாம்ல."

எனக்கா! அன்னைக்குக் காலையிலதான் பத்து இட்லி எறங்கியிருந்துச்சு. மறுத்துச் சொல்ல வாயத் தொறந்தேன். பின்னால அனுசுயா காப்பியோட நின்னா. காப்பியக் குடிச்சிட்டு வாய மூடிக்கிட்டேன்.

காதுகுத்து அன்னைக்குக் குட்டியானை வண்டியில பொம்மையெல்லாம் ஏத்திக்கிட்டுப் போனோம். பெரியகுளத்துல மண்டபத்துக்கு ஒரு பர்லாங்கு முன்னாடியே எறங்கி வரிசை கட்டுனோம். மேளம், வேட்டு. நூறு பொம்பளைக கையில நூறு தட்டு. எல்லாத்துக்கும் முன்னால பட்டு வேட்டி, தலப்பாயோட நான். என் கையில நூத்தியோராவது தட்டு, அதுல ஒட்டகச்சிவிங்கி. அத நான்தான் தூக்கணும்னு அனுசுயா ஒத்தக் கால்ல நின்னுட்டா.

ரோட்டுல பஸ்ஸே நின்னு வேடிக்கை பாத்துச்சு.

"யாருப்பா அது, ஒட்டகச்சிவிங்கியத் தூக்கிட்டு வர்றது?"

"தாய்மாமனாம்."

"ஆளு வாட்டசாட்டமா இருக்காரேப்பா, பாவம்."

"நூறு பொம்மை வச்சு வளத்தாராம்ல. மருமகளுக்காக மனசக் கல்லாக்கிக்கிட்டுக் குடுக்காராம். அவரு சம்சாரம் சொல்லி அழுகுறாக."

திரும்பிப் பாத்தேன். ஆமா, வரிசையில அனுசுயா முந்தானையால கண்ணத் தொடைச்சுக்கிட்டு வர்றா. இப்படி மேளதாளத்தோட போற ஆளு நடுரோட்டுல நின்னு, "ஐயா, பொம்மை என்னுது இல்ல, எனக்குக் கட்டில்தான் வேணும்"னு சொல்ல முடியுமா? மீசைய முறுக்கிக்கிட்டு நடந்தேன்.

ஓவியா என் மடியில உக்காந்து, ஆசாரி ஊசிய எடுக்குமுன்னாடியே ஊரக் கூட்டுனா. அன்னைக்கு அந்த மண்டபத்துல ரெண்டு பேருக்குக் காதுகுத்து நடந்துச்சு. ஒண்ணு ஓவியாவுக்கு. அவளுக்கு வலிச்சுச்சு, அழுதா. எனக்கு அப்ப வலிக்கல.

மாப்பிள்ளை அய்யாத்துரை வந்து என்னயக் கட்டிப் பிடிச்சாரு. கண்ணு கலங்கிருச்சு. "மச்சான், பணம் யாரு வேணாலும் குடுப்பாக. நீங்க ஒங்க உசுரையே தட்டுல வச்சுக் குடுத்துட்டீகளே!"

எனக்கும் கண்ணு கலங்குச்சு. ஆறடிக்கு ஆறரையடி கண்ணு முன்னால தெரிஞ்சுச்சு.

அடுத்த ஏழு நாள் நான் படுத்தேன் பாருங்க, அது படுக்கை! மல்லாந்து படுத்தேன். குப்புறப் படுத்தேன். குறுக்க படுத்தேன். எடம் இருக்கேன்னு சும்மாவே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பொரண்டேன். இடுப்பு வலி போன எடம் தெரியல. அனுசுயா ஒரு வார்த்தை முணுமுணுக்கல. சனிக்கிழமை அவபாட்டுக்கு ஒரு புது ஷாம்பு பாட்டில் வாங்கியாந்து வச்சா. அப்பவாவது நான் சுதாரிச்சிருக்கணும். "எனக்கா?"ன்னு கேட்டேன். சிரிச்சா. நானும் சிரிச்சேன்.

ஞாயித்துக்கிழமை மத்தியானம் கையையும் காலையும் பரத்திக்கிட்டுப் படுத்திருக்கேன். வாசல்ல வண்டிச் சத்தம். எட்டிப் பாத்தா அய்யாத்துரையும் சண்முகத்தாயும். பின்னால லாரி. குட்டியானை இல்ல, லாரி.

"வாங்க மாப்ள! வா தாயி! என்ன திடீர்னு?"

"தட்டத் திருப்பிக் குடுக்க வந்தம்ணே"ன்னா தங்கச்சி.

"தட்டுக்கு எதுக்கும்மா லாரி?"

அய்யாத்துரைக்கு மூக்கு செவந்துருச்சு. "என்ன மச்சான் இப்படிக் கேட்டுட்டீக! சீர்த்தட்ட வெறுந்தட்டாத் திருப்பி அனுப்புற வழக்கம் நம்மள்ல உண்டா? ஒரு வாழப்பழமாவது வச்சுத்தான குடுக்கணும்?"

"ஆமா... வாழப்பழம். அதானே. வாழப்பழம்தான வச்சிருக்கீக?"

"இவ வாழப்பழந்தான் சொன்னா. அனுசுயா அக்காவுக்குப் போன் போட்டேன். 'தம்பி, நான் என்னத்தச் சொல்ல! அவுக கட்டில்ல இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பொரண்டுக்கிட்டே இருக்காக'ன்னாக. எனக்குச் சோறு எறங்கல மச்சான். மதுரைக்கே போயிட்டேன்."

தார்ப்பாய அவுத்தாரு. ஒரு கரடி என்னயப் பாத்துச்சு. ஓவியா உசரம் இருக்கும். அதுக்குப் பின்னால இன்னும் நூறு. போனதெல்லாம் சாண். வந்ததெல்லாம் முழம். தட்டுல நிக்க எடமில்லாம, தட்ட இடுப்புல கட்டி அனுப்பியிருக்காரு மனுசன்.

"என் ரோஷத்துக்கு ஒண்ணு கூடக் கொறைய விடல"ன்னாரு.

பொம்மை எறக்க அரை மணி நேரம் ஆச்சு. நானும் தூக்குனேன், வேற என்ன செய்ய? ஜெபராணி டீச்சர் காம்பவுண்டுச் சொவத்துல சாஞ்சுக்கிட்டு, "பாத்தீகளாண்ணே, நல்ல மனசுக்கு ஆண்டவர் திருப்பிக் குடுத்துட்டாரு"ன்னாக. அவுக வீட்டு மோட்டார் இன்னும் எரிஞ்சுதான் கெடந்துச்சு.

வந்தவுகளக் காப்பி குடுத்து அனுப்பிட்டு உள்ள வந்தேன். கட்டில்ல ஒரு விரல் வைக்க எடமில்ல. அனுசுயா ஒரு யானைக்குத் துதிக்கைய நேராக்கிக்கிட்டிருந்தா.

"நீ திட்டம் போட்டுத்தான செஞ்ச?"

"நானா? சீரு வைக்கணும்னு சொன்னது யாரு? பொம்மை வைக்கணும்னது யாரு? ரிப்பன் கட்டுனது யாரு?" சொல்லிட்டு, கொரலத் தாழ்த்தி, "பழசெல்லாம் பஞ்சு இத்துப் போச்சுங்க. மாத்தணும் மாத்தணும்னு நானும் ரெண்டு வருசமா நெனச்சுக்கிட்டிருந்தேன்"னா.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கிட்டு வந்துச்சு. "எல்லாத்தையும் இப்பவே பரண்ல ஏத்துறேன்!"

"ஏத்துங்க. சீரா வந்ததப் பரண்ல போட்டாகளாம்னு பெரியகுளத்துக்குத் தெரியட்டும். ஒங்க மாப்ள அடுத்த வாரம் அதே லாரியில சண்டைக்கு வருவாரு."

"அப்ப யாருக்காவது குடுத்துருவோம்."

"சீரா வந்தத அடுத்தவுகளுக்குத் தூக்கிக் குடுப்பாகளா? வெலைக்கு வாங்குனது வேற, சீரு வேற. முன்னாடி இருந்ததுக வெறும் பொம்மை, நீங்க என்னமும் சொல்லலாம். இப்ப அப்படிச் சொல்ல முடியுமா?"

முடியாது. அத சீராக்குனதே நான்தான். மேளம் வச்சு ஆக்கியிருக்கேன்.

"சரி தாயே"ன்னேன். மனசு விட்டே கேட்டுட்டேன். "இதுகளுக்கு ஒரு எடம் இருக்கு, ஒனக்கு ஒரு எடம் இருக்கு. இந்தக் கட்டில்ல எனக்குன்னு ஒரு எடம் கெடையாதா?"

அனுசுயா யானைய வச்சிட்டு நியாயமா யோசிச்சா.

"கட்டில் எங்கப்பா வீட்டுல இருந்து சீரா வந்துச்சு. இதுக ஒங்க தங்கச்சி வீட்டுல இருந்து சீரா வந்துச்சு. நீங்க எப்படி வந்தீக?"

நானும் யோசிச்சுப் பாத்தேன். போடியில இருந்து தேவாரம் வழியா, டவுன்பஸ்ல, நின்னுக்கிட்டே வந்தேன்.