கிரேலின் சனி

நடிகர்களுக்கு ரசிகர்கள் உண்டு. அது சாதாரண இனம். கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடும். நான் சொல்வது வேறு இனம்: நடிகரின் வாழ்க்கையைத் தூரத்தில் இருந்தபடியே நடத்திக்கொடுப்பவர். நடிகருக்கு இவரைத் தெரியாது. அதனால் என்ன? பொறுப்பு பொறுப்புத்தான்.

சிட்னியின் ஸ்ட்ராத்ஃபீல்டில் இருக்கும் மகேந்திரராஜா அங்கிளைப் பாருங்கள். லண்டனில் எஞ்சினியரிங் படித்த காலத்தில், ஒரு நாடகத்தில் வசனமே இல்லாமல் ஈட்டி பிடித்து நின்ற ஹியூபர்ட் கிரேலை அவர் கண்டுகொண்டார். அதன்பின் கிரேல் மேடையில் அரசனானதும், சினிமாவுக்குப் போனதும், பரிசுகள் வாங்கியதும், அரண்மனையில் 'சேர்' பட்டம் பெற்றதும் எல்லாம் தம் மேற்பார்வையில்தான் என்பது அங்கிளின் நம்பிக்கை. பட்டம் கிடைத்த வாரம், வீட்டுக்கு வந்தவர்களின் வாழ்த்துகளை அவரே கைகூப்பி ஏற்றுக்கொண்டு கேக் வெட்டினார். பிறகு கிரேலின் படமொன்று ஓடாமல் போனது. அங்கிள் சும்மா இருப்பாரா? கிரேலின் பிறந்த தேதியைத் தேடிப் பிடித்து, யாழ்ப்பாணத்துச் சாத்திரியாருக்கு அனுப்பிச் சாதகம் கணிப்பித்தார். ஏழரைச் சனி! சனி முடியும்வரை புதுப் படம் வேண்டாம் என்று லண்டனுக்கு ஆறு கடிதங்கள் பறந்தன. பதில் இல்லை.

இந்த வருடம், 1975இல், கிரேலே நாடகக் குழுவோடு சிட்னிக்கு வந்துவிட்டார்.

"அவரைத் தெரியுமெண்டு ஊரெல்லாம் சொன்னனீங்கள். இண்டைக்குப் பாப்பம்" என்றார் அங்கிளின் மனைவி சந்திரவதனா அன்ரி. நாடகம் முடிந்ததும், பன்னிரண்டு உறவினர் பார்த்திருக்க, அங்கிளின் இருபது வருட மானம் அரங்கின் பின்கதவில் போய் நின்றது.

கதவு திறந்தது. அங்கிள் தம் பெயரைச் சொன்னார். கிரேல் வெளிறிப்போனார்.

"சனிக் கடிதம் எழுதியவரா? நான்கு படங்களை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், ஐயா. எப்போது முடியும்?"

உறவினர் வாய் பிளந்தனர். அங்கிளும்தான். அன்ரிக்கு மட்டும் சந்தேகம் வந்தது.

"சாதகத்துக்குப் பிறந்த நேரம் வேணுமே. ஆரப்பா தந்தது?"

"ஒருத்தரும் தரேல்லை. இரவு எட்டு மணியெண்டு போட்டனான். நாடகத்துக்குத் திரை தூக்கிற நேரம்."

அன்ரி ஆங்கிலத்தில் கிரேலிடமே கேட்டார். அவர் விடியற்காலை நான்கு மணிக்குப் பிறந்தவராம்.

பிழையான நேரத்துக்காக நான்கு படங்கள்! அங்கிள் விரல் மடித்துக் கணக்குப் பார்த்தார். பிறகு கிரேலின் தோளில் கை வைத்து, லண்டனில் கற்ற ஆங்கிலத்தில் சொன்னார்:

"அப்படியானால் இது ஏழரைச் சனி அல்ல. அட்டமத்துச் சனி. இன்னும் மோசம்."

கிரேல் நன்றி சொல்லி, அங்கிளின் டெலிபோன் நம்பரைக் குறித்துக்கொண்டார்.

சிரிக்கிறீர்கள். நல்லது. நீங்கள் எந்த நடிகருக்கும் கடிதம் எழுதியதில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஒன்றே ஒன்று கேட்கிறேன்: கிரேல் ஐந்தாவதாக வரும் படத்தில் நடிக்கலாமா, கூடாதா?

பாருங்கள், உங்களுக்கும் ஒரு கருத்து வந்துவிட்டது.