பெரிய தொரைக்கும் அரைப்பேர் போடுங்கள்

டிக்கோயா

அன்பு மருமகன் ஜனார்த்தனனுக்கு மாமா லெட்சுமணன் எழுதுவது.

சுகம் விசாரிப்பது கடைசியில். அநியாயம் முதலில். கொழும்பில் நீ வேலை பார்க்கிற கம்பெனியின் பெரிய தொரை செவ்வாய்க்கிழமை எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து, என் மகன் பெண்டாட்டி பிரியந்தியின் கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு போட்டோவுக்கு நின்றார். அதனால் அவளுக்குக் கொழுந்து குறைந்தது. குறைந்ததற்காக அவளுக்கு அரைப்பேர் போட்டுவிட்டார்கள். உங்கள் ஆபீஸ் பாஷையில், அரைநாள் சம்பளம்.

கம்பெனியின் வருடப் புத்தகத்துக்குப் படமாம். காலையில் வந்த மனுஷன் வெயில் வரட்டும் என்று நின்றார், வெயில் வந்ததும் பனிமூட்டம் இருந்தால்தான் அழகு என்று போட்டோக்காரர் சொன்னார், பனி வந்தபோது தொரை தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார், அவ்வளவு நேரமும் கூடை அவருக்கு, பக்கத்தில் நின்று சிரிக்கிற வேலை பிரியந்திக்கு. அவர் பறித்ததையாவது ஒழுங்காகப் பறித்தாரா? கொழுந்தை விட்டுவிட்டு முற்றின இலையையும் காம்பையும் பிய்த்துப் போட்டிருக்கிறார். நிறுக்கப் போனால் கணக்கப்பிள்ளை வீரய்யா அதையெல்லாம் பொறுக்கி வீசிவிட்டு, "பத்தல பிரியந்தி, அரைப்பேர்தான்" என்கிறான்.

"அந்தக் குப்பைய நானா பறிச்சேன்? ஒங்க தொரைகிட்டப் போயி கேளுங்க!" என்று இவள்.

"கூடை ஒன்னோடதுதானே?" என்று அவன்.

இதைப் போனில் சொன்னபோது நீ சிரித்தாய். கம்பெனிக்கு நட்டம், கூலி கூட்ட முடியாது என்று சொன்ன அதே வாயால் தொரைக்குச் சம்பளத்தைக் கூட்டியிருக்கிறீர்கள். பேப்பரில் வந்தது. ஏன் என்று கேட்டால், "கூட்டிக் குடுக்காட்டி வேற கம்பெனிக்குப் போயிருவாரு மாமா" என்கிறாய். போகட்டுமே! பிரியந்தி வேறு தோட்டத்துக்குப் போகிறேன் என்றால் யாராவது பதறுவீர்களா? பெரிய வேலைக்குப் பெரிய சம்பளம் கொடுப்பதில் எனக்கு வயிற்றெரிச்சல் கிடையாது. ஆனால் கிலோ குறைந்தால் அரைப்பேர் என்ற சட்டம் மலையில் பறிக்கிறவளுக்கு உண்டு, மலையையே நட்டத்தில் ஓட்டுகிறவருக்கு இல்லையா? லயத்து வீடுகளில் எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள். "மார்க்கெட் ரேட்" என்று மட்டும் மறுபடி சொல்லாதே. ஹட்டன் காய்கறிச் சந்தையில் அழுகின கோவாவுக்கு யாரும் கூடின விலை கொடுத்து நான் பார்த்ததில்லை.

ஆகவே வீரய்யா அரைப்பேரை அடித்துவிட்டு முழுப்பேர் எழுத வேண்டும். அந்தப் படம் புத்தகத்தில் வராமல் நீ நிறுத்த வேண்டும். கேஷிகாவுக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசி. சின்னவனுக்குக் காய்ச்சல் விட்டதா? உங்கள் வீட்டுக்கு ஒரு குறையும் வராமல் அம்மன் பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
கோபம் தணியாத மாமா
லெட்சுமணன்

பி.கு.: பிரியந்தி இதை வாங்கிப் படித்துவிட்டு, "ஏன் மாமா அவங்ககிட்டப் போயி கெஞ்சுறீங்க?" என்று என்னையே ஏசுகிறாள். படம் மங்கலாகிவிட்டதாம், வெள்ளிக்கிழமை தொரை மறுபடி வருகிறாராம். "வரட்டும். அவரு பறிக்கிறத அவரு கணக்குல நிறுக்க ஒத்துக்காம எங்க கேங்குல ஒரு பொம்பளையும் கூடை குடுக்க மாட்டோம்" என்கிறாள். ஆகவே மேலே கேட்டதையெல்லாம் விட்டுவிடு. படமும் வரட்டும். தொரை தன் கூடையைத் தானே கொண்டுவர வேண்டும். காலையிலிருந்து மாலை வரை தனியாக ஒரு வரிசைச் செடியை நிரை பிடித்துப் பறிக்க வேண்டும். வீரய்யா எல்லோர் முன்னாலும் காம்பைப் பொறுக்கி வீசிவிட்டு நிறுக்க வேண்டும். குறைந்தால், அவருக்கு அரைப்பேரை நீ எழுத வேண்டும், கொழும்பில், அவருடைய சம்பளத்தில்.